கொங்கு நாட்டில் ஒரு டச்சு ஊர்! கதவுச் சாவி யார் கையில்?

கடலே இல்லாத நம்ம கொங்கு நாட்டில் ஒரு டச்சுக் குடியிருப்பு இருந்திருந்தால்? வணக்கமுங்க. இன்றைக்கு அப்படி ஓர் ஊரைக் கட்டப் போகிறோம். பெயர் கணவாய்ப்பேட்டை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மதுக்கரைப் பக்கம். முழுக்கக் கற்பனை, ஆனால் மாதிரிகள் நிஜம்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663இல் கொச்சியைப் பிடித்தது. அங்கிருந்து துணி தேடிக் கணவாய் ஏறி வந்ததாக வைத்துக்கொள்வோம். தரங்கம்பாடியைப் பலரும் கேட்பீர்கள். அது டேனிஷ்காரர்களின் கடற்கரைக் கோட்டை, நமக்குப் பொருந்தாது.

(திரையில்: விசிறி வடிவத் தீவின் வரைபடம்)

பொருந்துவது ஜப்பானில் இருக்கிறது. நாகசாகித் துறைமுகத்துத் தெஜிமா. உள்ளூர் வணிகர்கள் 25 பேர் காசு போட்டுக் கடலில் மண்ணைக் கொட்டித் தீவாக்கி, 1636இல் போர்த்துகீசியருக்கு வாடகைக்கு விட்டார்கள்! பிறகு அவர்களை நாட்டைவிட்டே விரட்டியாயிற்று. 1641இல் டச்சுக் கம்பெனியைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். மொத்த இடம் நாலு ஏக்கர்கூட வராது, நம்ம பக்கத்துத் தென்னந்தோப்பு அளவுதான். கரைக்கு ஒரே பாலம், பாலத்தில் ஜப்பானியக் காவல். அனுமதி இல்லாமல் யாரும் ஊருக்குள் கால் வைக்க முடியாது.

பீரங்கிக் கப்பல் வைத்திருந்த கம்பெனி, வாடகை கட்டிக்கொண்டு 150 வருடத்துக்கு மேல் அங்கே அடங்கிக் கிடந்தது. காரணம் லாபம். ஜப்பான் செம்பை ஏற்றிவந்து சோழமண்டலக் கரையில் விற்றார்கள், அங்கே துணி வாங்கினார்கள். அந்தத் துணியில் ஒரு பங்கு தெஜிமாவுக்கே போனது. தமிழ் நெசவாளி நெய்த பருத்தித் துணி நாகசாகிக் கடையில்! தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஷாங்காய் இதற்கு நேர் எதிர். 1843இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் துறைமுகம் திறந்தது. அப்புறம் வெளிநாட்டாருக்கென்று தனி நகராட்சி, தனிப் போலீஸ். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், வரியும் கட்டினார்கள். ஆனாலும் நகராட்சி மன்றத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1928இல்தான். சொந்த மண்ணில் இது பெரிய அநியாயம்.

அதனால் கணவாய்ப்பேட்டைக்குத் தெஜிமா முறைதான். சாவி பாளையக்காரரிடம், வாடகை நம்ம வணிகர்களுக்கு. துணிக்கு விலை பேசும் மண்டபம் மட்டும் கதவுக்கு வெளியே இருக்கட்டும் என்கிறேன். விலை படியாவிட்டால் நெசவாளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போக வழி வேண்டுமே. சென்னிமலை, பவானித் தறிக்காரர்களே, நீங்க அந்த மண்டபத்தை எங்கே வைப்பீங்க? எழுதுங்க, வரைபடத்தை அதன்படி மாற்றுகிறேன்.