பிள்ளையின் கையில் சாவி, பெற்றோரின் பெயரில் பாலிசி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் ஒரு பிள்ளை ஓட்டுநர் உரிமம் பெற்றதுமே கார் காப்பீட்டின் பிரீமியம் ஏறிவிடுகிறதே என்று பெற்றோர் பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அந்த ஏற்றத்துக்குக் காரணம் உண்டு. ஓட்டிய தூரத்தோடு ஒப்பிட்டால், அமெரிக்காவில் 16 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் உயிரிழப்பு விபத்துகளில் சிக்கும் விகிதம், 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் விகிதத்தைப்போல் ஏறத்தாழ 3 மடங்காக இருக்கிறது.

பிரீமியத்தை மிச்சப்படுத்தப் பலரும் நாடும் குறுக்குவழி ஒன்று உண்டு. 'வாகனத்தை வழக்கமாக ஓட்டுபவர் யார்?' என்று முன்மொழிவுப் படிவம் கேட்கும் இடத்தில் தந்தையின் பெயர் எழுதப்படுகிறது. காரோ நாள்தோறும் மகளுடன் கல்லூரிக்குப் போய் மாலையில்தான் திரும்புகிறது. விபத்து நேராதவரை இதை யாரும் கேட்கப்போவதில்லை. நேர்ந்த பிறகு வரும் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர், கார் அந்த நேரத்தில் அங்கே ஏன் இருந்தது, வாரத்தில் எத்தனை நாள் யார் ஓட்டுகிறார் என்றுதான் தொடங்குவார். காப்பீடு கோருபவர் தமக்குத் தெரிந்த முக்கியமான உண்மைகளை மறைக்கக் கூடாது என்பதை இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு 1766-இலேயே ஒரு தீர்ப்பில் வகுத்துரைத்தார். அறியாமல் நேர்ந்த பிழைக்கு இன்றைய சட்டங்கள் சில இடங்களில் இரக்கம் காட்டினாலும், தெரிந்தே எழுதிய பொய்க்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். கார் பழையதாக இருந்தால் அதன் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டைக் கைவிடுவது பற்றி யோசிக்கலாம். ஆனால் மூன்றாம் தரப்பினருக்கான பொறுப்புக் காப்பீட்டில், வரம்பைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்குமானால், கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஏனெனில் காரின் விலைக்கு ஓர் எல்லை உண்டு, ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாமல் போனால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு அப்படியோர் எல்லை இல்லை. ஒவ்வொரு இழப்பிலும் நிறுவனம் தருவதற்கு முன் நாமே ஏற்கும் தொகையை உயர்த்தினால் பிரீமியம் குறையும் என்பது உண்மைதான். இளம் ஓட்டுநருக்கென்று அந்தத் தொகையைத் தனியாகக் கூட்டும் பாலிசிகளும் இருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கையிலிருந்து கொடுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தையும் பிரேக் அழுத்தத்தையும் பதிவுசெய்யும் செயலிக்குச் சில நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. பிள்ளைக்குச் சொல்லாமல் அதைப் பொருத்துவது எனக்கு உடன்பாடில்லை. பதிவு மோசமாக இருந்தால் பிரீமியம் கூடுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பாலிசியில் விலக்குகள், அதாவது எதற்கெல்லாம் இழப்பீடு கிடையாது என்பவை, அச்சிடப்பட்ட பக்கம். நியூசிலாந்து 1987-இல் தொடங்கிவைத்த படிப்படியான உரிம முறையைப் பின்பற்றும் இடங்களில், இரவில் ஓட்டுவதற்கும் நண்பர்களை ஏற்றிச் செல்வதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு; அவற்றை மீறிய பயணத்துக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதை அந்தப் பக்கத்தில்தான் தேட வேண்டும். பகுதிநேர வேலையாக உணவுப் பொட்டலம் கொண்டுசேர்க்க மகன் காரை எடுத்துச்சென்றால், சொந்த உபயோகத்துக்கென எடுத்த பாலிசி பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது. அப்படியொரு வேலையில் அவன் சேரும் முன்பே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.