கைது பண்ணிட்டா கேஸ் முடிஞ்சுதா?

(போன ஞாயித்துக்கிழமை எங்க தெரு நூலகத்துல மாடில பேசுனது. தம்பி ஒருத்தன் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தான், அதைக் கேட்டு எழுதியிருக்கேன். நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு, அதெல்லாம் விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி. இன்னைக்கு "லா அண்ட் ஆர்டர்" அப்படிங்கிற அமெரிக்க டிவி தொடரோட முதல் சீசனைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும், கீழ ஒரு பெரியவர் "நம்ம போலீஸ் ஸ்டேஷன் பத்தியா"ன்னு கேட்டாரு. அவர் கேட்டதுல தப்பே இல்ல. நம்ம ஊர் ஸ்டேஷன்ல லா அண்ட் ஆர்டர் இன்ஸ்பெக்டர் தனி, க்ரைம் இன்ஸ்பெக்டர் தனி. அந்தக் கணக்குல பாத்தா இந்தத் தொடருக்கு க்ரைம்னுதான் பேர் வச்சிருக்கணும். ஆனா அவங்க அர்த்தம் வேற. ஒரே தொடருக்குள்ள போலீஸும் உண்டு, கோர்ட்டும் உண்டு. முதல் பாதி போலீஸ்காரங்க ஆளைத் தேடுவாங்க, ரெண்டாவது பாதி அரசு வக்கீல்கள் அந்த ஆளை நிறுத்தி நிரூபிக்கப் பாப்பாங்க. அவ்ளோதான் கதை.

எங்கப்பா வக்கீல் குமாஸ்தா. சாயங்காலமானா கேஸ் கட்டை அக்குள்ல இடுக்கிட்டு வருவாரு, நாங்க புள்ளைங்க பேப்பர்ல "கொலையாளி கைது, வழக்கு முடிவுக்கு வந்தது"ன்னு படிச்சுக் காட்டுனா சிரிப்பாரு, "டேய் இன்னும் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்கலடா"ம்பாரு. நான் இந்தத் தொடரை ரொம்ப லேட்டாத்தான் பாத்தேன், அப்பா போன பிறகு. பாக்கும்போது பாதிக்கு மேல அவர் பக்கத்துல உக்காந்து சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு.

கொஞ்சம் சரித்திரம் சொல்லிடறேன். டிக் வுல்ஃப்னு ஒருத்தர், "ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்", "மயாமி வைஸ்"னு ரெண்டு போலீஸ் தொடர்லயும் எழுதுனவரு. அந்தக் காலத்துல ஒரு மணி நேரத் தொடரை மறுஒளிபரப்புக்கு விக்கிறது கஷ்டம், அரை மணி நேரத் தொடர்னா வாங்கிட்டுப் போவாங்க. இவரு யோசிச்சாரு, ஒரு மணி நேரத்தை நடுவுல வெட்டுனா ரெண்டு அரை மணி நேரம் கிடைக்கிற மாதிரி ஒண்ணு பண்ணா என்னன்னு. பாருங்க, கலை எங்க இருந்து பொறக்குதுன்னு! ஃபாக்ஸ் சேனல் எடுக்கறேன்னு சொல்லிட்டுக் கைவிட்டுச்சு, சிபிஎஸ் சேனல் 1988ல சோதனை எபிசோட் எடுக்க விட்டுட்டு ஸ்டாரே இல்லையேன்னு வேணாம்னுருச்சு, கடைசில என்பிசி சேனல் வாங்கி 1990 செப்டம்பர் 13ல முதல் எபிசோட் போட்டாங்க. மொத்தம் 22 எபிசோட். 1988ல எடுத்த அந்தப் பழசையும் வீணாக்காம ஆறாவதா போட்டுட்டாங்க, அதனால அந்த ஒரு வாரம் மட்டும் டிஏ, அதாவது மாவட்டத் தலைமை அரசு வக்கீல், திடீர்னு வேற ஆளா இருப்பாரு, அடுத்த வாரம் பழைய ஆள் வந்துருவாரு, ஒரு விளக்கமும் கிடையாது. நம்ம சீரியல்லயாவது "இனி இவருக்குப் பதில் இவர்"னு ஒரு வரி போடுவாங்க.

இப்ப 1990 நியூயார்க்கை நினைச்சுப் பாருங்க. அந்த ஒரு வருஷத்துல மட்டும் அந்த ஊர்ல 2,200க்கு மேல கொலை. ஒரு நாளைக்கு ஆறு. அந்த ஊரு, அந்தத் தெருவுலயே போய் எடுத்தாங்க, 16 எம்எம் ஃபிலிம்ல, கேமராவைத் தோள்ல வச்சுக்கிட்டு. படம் புள்ளிபுள்ளியா இருக்கும். அழகா இருக்காது, ஆனா நம்பத் தோணும்.

அதுல எனக்கு ரொம்பப் புடிச்ச சின்ன விஷயம் ஒண்ணு. ரெண்டு டிடெக்டிவ், மேக்ஸ் க்ரீவி, மைக் லோகன். க்ரீவி கொஞ்சம் பருமன், குடும்பஸ்தர், பெரிய பக்திமான். லோகன் இளவட்டம், கோவக்காரன். இவங்க சாட்சியைத் தேடிப் போவாங்கல்ல, அந்தச் சாட்சி கையில இருக்கிற வேலையை நிறுத்தவே மாட்டான். லாரியில இருந்து பெட்டி எறக்கிட்டே பதில் சொல்லுவான், கிளாஸ் துடைச்சுக்கிட்டே சொல்லுவான், "அந்தாளா, ஆமா வந்தான், எனக்கென்ன தெரியும், சார் கொஞ்சம் நகருங்க"ன்னுட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருவான். செத்துப்போனவன் கதை இவனுக்கு ரெண்டு நிமிஷம், அவ்ளோதான், பொழப்பு பொழப்புதான். நம்ம சினிமால சாட்சின்னா கண்ணு விரிச்சு, இடி இடிச்சு, ஃப்ளாஷ்பேக் போய்… இங்க அதெல்லாம் ஒண்ணும் கிடையாது.

முதல் எபிசோட்ல ஒரு பொண்ணு ஆஸ்பத்திரி எமர்ஜென்சில செத்துப் போறா. அங்க இருந்த பேர் போன டாக்டர் குடிச்சிருந்தாரா, மத்த டாக்டருங்க எல்லாம் அவரை மூடி மறைக்கிறாங்களா, இதான் கேஸ். இது காத்துல இருந்து புடிச்ச கதை இல்ல. 1984ல நியூயார்க்ல லிபி ஸயான்னு ஒரு 18 வயசுப் பொண்ணு, ராத்திரி ஆஸ்பத்திரில சேத்து விடியறதுக்குள்ள செத்துப் போச்சு, அங்க தூக்கமில்லாம வேலை பாத்துட்டிருந்த பயிற்சி டாக்டருங்க, ஒத்துக்காத ரெண்டு மருந்து, இப்படிப் பல விஷயம் வெளிய வந்துச்சு. அவ அப்பா பத்திரிகைக்காரரு, சும்மா விடல. கடைசில 1989ல அந்த மாநிலத்துல பயிற்சி டாக்டருக்கு வாரம் 80 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, ஒரே மூச்சுல 24 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு விதியே வந்துச்சு. ஆனா தொடர் என்ன பண்ணுது பாருங்க, அந்தக் கேஸை அப்படியே எடுக்கல, குடிங்கிறதை உள்ள சேத்து வேற கேள்வி ஆக்கிருச்சு. பேப்பர்ல வந்ததைத் தூக்கி, ஒரு திருகு திருகி, வேற கேஸ் ஆக்குறது. அதான் இவங்க சமையல் முறை.

ரெண்டாவது எபிசோடும் அப்படித்தான். 1984 டிசம்பர் 22, சுரங்க ரயில்ல பெர்ன்ஹார்ட் கெட்ஸ்னு ஒரு வெள்ளைக்காரரு, அஞ்சு டாலர் குடுன்னு கேட்ட நாலு கறுப்பினப் பசங்களைச் சுட்டுட்டாரு. ஊரே ரெண்டா பிரிஞ்சு போச்சு, ஒரு பாதி அவரை ஹீரோன்னுச்சு, ஒரு பாதி இனவெறியன்னுச்சு. 1987ல ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ற பொதுமக்கள் குழு, கொலை முயற்சி இல்லன்னு விட்டுட்டு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டனை குடுத்துச்சு. தொடர்ல சுடுறது ஆம்பள இல்ல, ஒல்லியா ஒரு பொண்ணு, சிந்தியா நிக்சன் நடிச்சிருப்பாங்க. இப்ப உக்காந்து பாக்குற நமக்கு மனசு எந்தப் பக்கம் சாயுது? அதுவரைக்கும் கெட்ஸைத் திட்டுனவனுக்கும் இங்க நாக்கு கொஞ்சம் தடுமாறும். எனக்குத் தடுமாறுச்சு, நான் ஒத்துக்கறேன்.

இப்ப கோர்ட்டுக்கு வருவோம். அரசு வக்கீல் பென் ஸ்டோன், மைக்கேல் மொரியார்ட்டி நடிச்சது. குரலே உசத்த மாட்டாரு. "சார்"ன்னு மரியாதையாக் கூப்புட்டுக்கிட்டே ஆளை மூலைக்குத் தள்ளிருவாரு. நான் நம்ம சினிமா பாத்து வளந்தவன், மேடை மாதிரி நடந்து நடந்து வசனம் பேசி, ஜட்ஜ் மரச் சுத்தியலால தட்டி "ஆர்டர் ஆர்டர்"னு (நம்ம கோர்ட்ல அப்படி ஒரு சுத்தியலே கிடையாது, எங்கப்பா அதைப் பாத்தாலே டிவியை ஆஃப் பண்ணிருவாரு), அதெல்லாம் எதிர்பாத்து உக்காந்தா இங்க கோர்ட்டுல நடக்குறதை விட ஜட்ஜ் ரூமுக்குள்ள நடக்குற பேச்சுதான் அதிகம். எதைப் பத்தி? இந்தச் சாட்சியம் செல்லுமா செல்லாதா.

இதை நான் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா சீசனோட உயிரே இதுல இருக்கு. வாரண்ட் இல்லாம ஒரு வீட்டுக்குள்ள போய் போலீஸ் கத்தியை எடுத்துட்டா, அமெரிக்காவுல அந்தக் கத்தியை ஜூரி கண்ணுலயே காட்ட முடியாம போகலாம், 1961ல அவங்க சுப்ரீம் கோர்ட் மேப் கேஸ்ல எல்லா மாநிலத்துக்கும் சேத்து அப்படிச் சொல்லிருச்சு. 1966ல மிராண்டா கேஸ், புடிச்சு வச்சு விசாரிக்கறதுக்கு முன்னாடி "நீ வாயைத் திறக்க வேண்டியதில்ல, வக்கீல் வச்சுக்கலாம்"னு சொல்லணும், சொல்லாம வாங்குன வாக்குமூலத்தை வச்சு ஆளைக் குற்றவாளின்னு நிரூபிக்க முடியாது. நம்ம சட்டம் வேற மாதிரி. இங்க போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் பொதுவா செல்லவே செல்லாது, ஆனா தப்பான முறையில எடுத்த கத்தி பல சமயம் செல்லும். அங்க கிட்டத்தட்ட தலைகீழ்.

அதனால என்ன ஆகுதுன்னா, முதல் பாதில க்ரீவியும் லோகனும் ஓடி ஓடி ஆளைப் புடிச்சிருவாங்க, நமக்கும் அவன்தான்னு சந்தேகமே இருக்காது, அப்பாடான்னு சாஞ்சு உக்காருவோம், மணியைப் பாத்தா பாதிதான் ஆயிருக்கும். அப்புறம் ஒவ்வொண்ணா உருவுவாங்க. வாக்குமூலம் போச்சு. துப்பாக்கி போச்சு. ஒரே சாட்சி, அவளுக்கும் பழைய கேஸ் இருக்கு. நமக்குத் தெரிஞ்சது எல்லாம் ஜூரிக்குத் தெரியக்கூடாதது ஆயிரும். தெரியறது ஒண்ணு, நிரூபிக்கிறது ஒண்ணு, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துலதான் 22 எபிசோடும் நடக்குது. மத்த போலீஸ் கதைல விலங்கு மாட்டுனதும் பாட்டு போட்டு முடிச்சிருவாங்களே, அந்த இடத்துலதான் இவங்க இடைவேளை விடறாங்க.

அப்புறம் பேரம். அங்க தண்டனை ஆகுற கேஸ்ல 10க்கு 9க்கு மேல விசாரணைக்கே போகாது, குற்றத்தை ஒத்துக்க, குறைச்சுத் தரேன்னு முடிஞ்சிரும். தொடர்ல "மேன் ஒன்"னு அடிக்கடி வரும், முதல் நிலை மேன்ஸ்லாட்டர்ங்கிறதோட சுருக்கம், வேணும்னே பண்ற கொலைக்கு ஒரு படி கீழ. காய்கறிக் கடை மாதிரியே இருக்கும், நீ இவ்ளோ சொல்லு நான் இவ்ளோ சொல்றேன்னு. அதுல டிஏ ஆடம் ஷிஃப், ஸ்டீவன் ஹில் நடிச்சது, மொத்தமா நாலு வரி பேசுவாரு. ஆனா அந்த நாலு வரிக்காகவே நான் காத்துக்கிட்டு இருப்பேன். சுருக்கமா, சலிச்சுப்போய், தேர்தலையும் ஞாபகம் வச்சுக்கிட்டு, ஏன்னா அங்க டிஏ பதவிக்கு ஓட்டு கேட்டுத்தான் வரணும். 1975ல இருந்து 2009 வரைக்கும் மன்ஹாட்டன்ல டிஏவா இருந்த ராபர்ட் மார்கன்தாவை மனசுல வச்சு எழுதுன பாத்திரம். ஹில் நிஜ வாழ்க்கைல ஆச்சாரமான யூதர், வெள்ளிக்கிழமை சூரியன் மறைஞ்சா வேலை பாக்க மாட்டாரு. அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் வச்சிருந்தாங்க, பத்து சீசன் இருந்தாரு.

ஒரு குறையும் சொல்லணும். சொல்லாம போனா என் பொண்ணு வீட்ல விடமாட்டா. முக்கியமான ஆறு பேரும் ஆம்பளைங்க. ஆறும்! பொம்பளைங்க பொணமா வருவாங்க, அம்மாவா வருவாங்க, சாட்சியா வருவாங்க, எதிர்த்தரப்பு வக்கீலா வருவாங்க. "மஷ்ரூம்ஸ்"னு ஒரு எபிசோட், மஷ்ரூம்னா நடுவுல சம்பந்தமில்லாம முளைச்சுக் குண்டடி படுற அப்பாவிங்களுக்கு அந்தத் தெருப் பேச்சு. சுட வேண்டிய ஆள் ஒருத்தன், குண்டு போனது கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள்ள. அந்தக் குழந்தையோட அம்மாவா எஸ். எபாதா மெர்க்கர்சன்னு ஒரு நடிகை வருவாங்க. கத்திக் கதறுறதை விட அந்தம்மா சும்மா இருக்கிற நேரம்தான் பாக்க முடியாது. அந்த ஒரு எபிசோட் போதும்னு ஆயிருச்சு, 1993ல இனி பொம்பளைங்க இல்லாம இந்தத் தொடர் ஓடாதுன்னு சேனல் நெருக்குனப்ப போலீஸ் லெப்டினன்ட்டா அவங்களையே கொண்டு வந்தாங்க, 2010 வரைக்கும் நகரல.

இன்னொரு குறை, வாய்தாவே கிடையாது. கைது, கிராண்ட் ஜூரி (கேஸ் நடத்தலாமான்னு முடிவு பண்ற குழு), விசாரணை, தீர்ப்பு எல்லாம் இருபத்தஞ்சு நிமிஷம். எங்கப்பா இருந்திருந்தா "இந்த ஜட்ஜை நம்ம ஊருக்கு மாத்தச் சொல்லுடா"ன்னிருப்பாரு. ஒவ்வொரு காட்சிக்கு நடுவுல ஒரு "டண் டண்" சத்தம் வருமே, மைக் போஸ்ட் போட்டது, அந்த டண் டண் போறதுக்குள்ள மூணு மாசம் ஓடியிருக்கும். அதை நாம கண்டுக்கவே மாட்டோம்.

க்ரீவியா நடிச்ச ஜார்ஜ் சுண்ட்ஸா ஒரே சீசனோட கிளம்பிட்டாரு. ரெண்டாவது சீசன் தொடங்குறதே க்ரீவியை அவர் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொல்றதுலதான். லோகனுக்கு வெறி புடிச்சிரும், சந்தேகப்படுற ஆளைத் தேடிப் புடிச்சு, துப்பாக்கியைக் காட்டியே ஒத்துக்க வைப்பான். அந்த எபிசோட் பேரே "கன்ஃபெஷன்". அடுத்தது என்ன, ஸ்டோன் அந்த வாக்குமூலத்தைக் கையில வச்சுக்கிட்டு ஜட்ஜ் முன்னாடி நிக்கணும், இது செல்லும்னு சொல்லி. எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிக்கறாரு.

அதை அடுத்த மாசம் பேசலாம்ங்க. கீழ டீ ஆறுது.