விருந்தாளி வந்தா வீட்டுக்காரரும் விருந்தாளி

எல்லாருக்கும் வணக்கம். குடும்ப வாழ்க்கைய பத்தி பேசுங்கன்னு கூப்ட்டாங்க, எங்க வீட்டுக்காரர் மூணாவது வரிசைல உக்காந்திருக்கார், வீட்டு விஷயத்த எல்லாம் மேடைல போட்டு உடைக்காதன்னு கிளம்பும்போதே சொல்லிட்டார், சரிங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். சரிங்கன்னு சொல்றதுல என்ன செலவு, சொல்லுங்க.

நான் கும்பகோணம் பக்கம், அவர் திருநெல்வேலி, குடியிருக்கறது தாம்பரம். இந்த தாம்பரத்துல வீடு வாங்குனது பெரிய விஷயம்ங்க, ஏன்னா தெக்கேருந்து மெட்ராஸ் வர்ற ரயில் முக்கால்வாசி தாம்பரத்துல நின்னுட்டுத்தான் எக்மோர் போகும், அதனால அவங்க சொந்தத்துல யாரு ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், இன்டர்வியூக்கு வந்தாலும், விசா எடுக்க வந்தாலும் விடியக்காலைல பையோட இறங்கறது எங்க வீட்டு பக்கம்தான். கைல அல்வா இருக்கும். நெல்லையப்பர் கோவில் எதுத்தாப்ல சாயங்காலம் மட்டும் திறக்கற கடைல வரிசைல நின்னு வாங்குனதுன்னு அதுக்கு ஒரு கதையும் கூட வரும். வரட்டும், எனக்கு ஆளுங்க வந்தா பிடிக்கும், அல்வாவும் பிடிக்கும். என் பேச்சு அதப்பத்தி இல்ல.

ஒரு தடவை அத்தையும் மாமாவும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல வந்தாங்க. இவர் மகன்ல, கூப்பிட போகணும்ல, நாலரைக்கே எழுந்து குளிச்சு விபூதி வச்சுட்டு லோக்கல் ட்ரெயின புடிச்சு எக்மோர் போய்ட்டார். அவங்க தாம்பரத்துல இறங்கி ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்து காபி குடிச்சு முடிச்சாச்சு, இவர் அங்க எஸ் ஒன்லேர்ந்து கடைசி பெட்டி வரைக்கும் எட்டி எட்டி பாத்துகிட்டு இருக்கார், போன் சைலன்ட்ல இருக்கு. மாமா கேட்டார், "அவன் எங்கம்மா?" உங்கள கூப்பிடத்தான் போயிருக்கார் மாமான்னேன். மனுஷன் சிரிச்சுகிட்டே பேப்பர எடுத்துட்டார். அன்னிக்கு முழுக்க "அலைச்சல், அலைச்சல்"னு இவர் சோபால படுத்துட்டார், வந்தவங்களுக்கு ஒரு இட்லி ஈடு, இவருக்கு தனியா ஒரு ஈடு.

இதெல்லாம் சின்னது. 2019 கோடைக்கு வாங்க. உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு போய் தரை வெடிச்சு கிடந்துச்சு. ஜூலைல ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி கொண்டாந்தாங்க, ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர்னு டிவில காட்டினாங்க, வில்லிவாக்கத்துல வந்து நின்னப்போ ஜனங்க அந்த வண்டிய போட்டோ எடுத்தாங்க. அது சிட்டிக்கு. எங்க பக்கம் லாரிதான், புக் பண்ணா என்னிக்கு வருவான்னு லாரிக்காரனுக்கே தெரியாது. அந்த நேரம் பாத்து இவரோட சித்தப்பா வந்து இறங்குறார். சித்தப்பா தங்கமான மனுஷர், ஆனா தாமிரபரணில குறுக்குத்துறைல முங்கி எழுந்து வளந்த உடம்பு, காலைல ஒரு குளியல், வெளிய போய்ட்டு வந்தா ஒரு குளியல், படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. அவருக்கு பக்கெட்ங்கறது கால் கழுவ.

வந்த அன்னிக்கு ஷவர திறந்துட்டு உள்ள போனவர் சிவபுராணம் பாட ஆரம்பிச்சுட்டார். சிவபுராணம் எவ்ளோ பெருசுன்னு தெரியும்ல உங்களுக்கு. நான் வெளிய நின்னு மேல டாங்க் சத்தத்த கேட்டுகிட்டு இருக்கேன், இவர் கிட்ட சைகைல சொல்றேன், ஏதாவது சொல்லுங்கன்னு. இவர் கதவு கிட்ட போய் சத்தமா என்ன சொன்னார் தெரியுமா? "சித்தப்பா, நல்லா நிதானமா குளிங்க." கொஞ்ச நேரத்துல உள்ளேர்ந்து குரல், "என்னம்மா, கொழாய்ல தண்ணி நின்னுட்டு?" சோப்போட நிக்கறார் மனுஷன். தெரு முனைல ஒரு அடிபம்பு இருந்துச்சு, நான் ரெண்டு பிளாஸ்டிக் குடத்த எடுத்துட்டு ஓடுறேன், அங்க பத்து பேர் வரிசைல நிக்கறாங்க, நான் போய் எங்க வீட்ல ஒருத்தர் சோப்போட நிக்கறார்னு சொன்னதும் வழி விட்டாங்க, நம்ம ஜனங்க நல்லவங்கதான். குடத்த இடுப்புல வச்சு ரெண்டு மாடி ஏறி வந்தா இவர் சோபால உக்காந்து காபிக்கு காத்துகிட்டு இருக்கார்.

அன்னிக்குத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. வீட்டுக்கு விருந்தாளி வந்தா, வீட்டுக்காரரும் விருந்தாளி ஆயிடறார். சாதாரண நாள்ல தட்ட கழுவி வைக்கற மனுஷன்தான், துணி காயப்போடுவார், பாலு வாங்கிட்டு வருவார், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவங்க ஆளுங்க ஒருத்தர் உள்ள வந்து செருப்ப கழட்டுனா போதும், இவருக்கு சமையக்கட்டு எந்த பக்கம்னே மறந்து போயிடும். "தண்ணி குடு"ன்னு உக்காந்த இடத்துலேர்ந்து குரல் வரும். அது எனக்கு இல்ல, சித்தப்பாவுக்கு கேக்கறதுக்காக குடுக்கற குரல். அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நான் இப்படி இல்லன்னு காட்டிக்கணும், அவ்ளோதான். எங்கம்மா வீட்டு ஆளுங்க வந்தா மட்டும் வேற மாதிரியா? அதுவும் இல்ல, அப்ப அவர் மாப்பிள்ள. மாப்பிள்ளைய வேலை வாங்கறதான்னு எங்கம்மாவே என்னை திட்டுவாங்க. ஆக யாரு வந்தாலும் எழுந்திரிக்கறது நான் ஒருத்திதான்.

இது எங்க வீட்டு கதை மட்டும்னு நெனச்சீங்கன்னா, மத்திய அரசோட புள்ளியியல் துறை ஒரு சர்வே எடுக்குது, ஜனங்க ஒரு நாள எப்படி செலவு பண்றாங்கன்னு. 2024ல எடுத்ததுல சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம். இதுல கவனிங்க, அந்த வேலைய செய்யற ஆம்பளைங்கள மட்டும் எடுத்துத்தான் இந்த 88. ஒண்ணுமே செய்யாதவங்கள கணக்குலயே சேக்கல. 2019ல இதே சர்வேல ஆம்பளைங்க கணக்கு 97, அஞ்சு வருஷத்துல அதுவும் இறங்கிடுச்சு. விருந்தாளி வந்த நாள தனியா எடுத்தா என்ன வரும்னு யாராவது எடுத்தா நல்லாருக்கும், எடுக்கறவர் ஆம்பளையா இருந்தா அவர் வீட்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்.

குறுந்தொகைல 167வது பாட்டு, கூடலூர் கிழார் பாடினது, பட்டிமன்றத்துல கேட்டு கேட்டு உங்களுக்கு அலுத்திருக்கும். புதுசா கல்யாணமான பொண்ணு கட்டித் தயிர கையால பிசையறா, அந்த கைய சேலைலயே துடைச்சுக்கறா, தாளிக்கற புகை மை போட்ட கண்ணுல படுது, கஷ்டப்பட்டு புளிக்குழம்பு வைக்கறா, புருஷன் நல்லாருக்குன்னு சாப்டறான், அவ முகம் லேசா மலருது. ஆஹா என்ன அன்புன்னு எல்லாரும் சொல்வாங்க, இருக்கட்டும், அழகான பாட்டுதான். ஆனா இத யாரு சொல்றா? பொண்ணு வீட்டுக்கு வந்த செவிலித்தாய். வந்து பாத்துட்டு போய் பெத்தவ கிட்ட ரிப்போர்ட் குடுக்கறா. அதாவது விருந்தாளி வந்த நாள். அன்னிக்கும் அடுப்படில புகைல நிக்கறது இவதான், அவன் உக்காந்து இனிதுன்னு மார்க் போடறான். செவிலியும் ஒரு செம்பு தண்ணிய எடுத்து இந்தாடி கைய கழுவுன்னு குடுத்ததா பாட்டுல இல்ல. நான் அங்க போயிருந்தா முதல்ல அத பண்ணிருப்பேன்.

சரி, கோவப்பட்டு என்ன பண்ண. ஒரு தடவை நாத்தனார் குடும்பம் வந்திருக்கு, சொதி வைக்கணும். எங்க ஊர்ல சொதி கிடையாது, கல்யாணத்துக்கு மறுநாள் திருநெல்வேலில மறுவீட்டு சாப்பாட்டுல சாப்டதுதான் எனக்கு முதல் சொதி, அத்தை கிட்டதான் கத்துகிட்டேன். தேங்காயோட ரெண்டாம் பால்ல காய வேகவிட்டு, பாசிப்பருப்ப சேத்து, கெட்டியான முதல் பால கடைசில ஊத்தி நுரை கட்டும்போதே இறக்கிடணும், கொதிச்சா திரிஞ்சிடும், எலுமிச்சம்பழம் இறக்குன பெறகுதான். முதல் பால ஊத்திட்டேன், வாசல்ல கூரியர்காரர் கூப்டறார், அடுப்ப பாத்துக்கோங்கன்னு இவர் கிட்ட சொல்லிட்டு போனேன். வந்து பாக்கறேன், சொதி தளதளன்னு கொதிக்குது, எண்ணெய் தனியா தண்ணி தனியா நிக்குது, இவர் பக்கத்துலயே நின்னு பாத்துகிட்டேதான் இருக்கார்! கேட்டா "நீ அணைக்க சொல்லலயே". நாத்தனார் வந்து எட்டி பாத்தாங்க, அவங்க தம்பி முகத்த பாத்தாங்க, நேரா எங்கிட்ட வந்து, "மிச்ச தேங்கா இருக்கா? துருவுறது அவன்தான்"னு சொல்லிட்டு பேனுக்கு அடில போய் உக்காந்துட்டாங்க. அக்கா சொன்னா கேக்கறார்ங்க, அரை மணி நேரம் துருவுனார், அக்கா புருஷன் ஹால்ல உக்காந்து பாத்துகிட்டே இருக்கார், அவருக்கு கொஞ்சம் பயம் வந்துடுச்சுன்னு நெனக்கறேன், சாப்டதும் தட்ட அவரே எடுத்துட்டு போனார்.

அதுலேர்ந்து ஒரு ஏற்பாடு. அவங்க ஆளுங்க வந்தா காலை காபி அவரோடது, எங்க ஆளுங்க வந்தா ராத்திரி பாத்திரம் அவரோடது. மறுபடி பேச்சே இல்ல. முதல் நாள் டிகாஷன் தண்ணியா இருந்துச்சு, மாமா குடிச்சுட்டு ஒண்ணும் சொல்லல. அத்தை மட்டும், நல்லவேள நான் பயந்த மாதிரி எம்புள்ளய காபி போட வச்சுட்டியேன்னு கேக்கல, "இவங்கப்பாவுக்கும் நான் சொல்லிக் குடுத்திருக்கலாம்"னு சொல்லிட்டு சக்கர டப்பாவ தேட போனாங்க.

ரயில் டிக்கெட்ட முன்னல்லாம் 120 நாளைக்கு முன்னாடி எடுக்கலாம், 2024 நவம்பர்லேர்ந்து 60 நாள்தான்னு ஆக்கிட்டாங்க, அதனால யாரு என்னிக்கு வராங்கன்னு எங்களுக்கு தெரியறதே ரெண்டு மாசத்துக்குள்ளதான், திரும்பி போற டிக்கெட் பெரும்பாலும் வெயிட்டிங் லிஸ்ட். என்னிக்கு கிளம்பறீங்கன்னு நம்ம ஊர்ல யாரும் கேக்க முடியாது. இப்ப அத அவர்தான் கேக்கறார், காபி போடறவர்ல.

அங்க டீ வந்தாச்சுன்னு சொல்றாங்க. மூணாவது வரிசைலேர்ந்து ஆரம்பிச்சு ஆம்பளைங்க எழுந்து போய் எல்லாருக்கும் எடுத்துட்டு வாங்க, கேள்விய அப்புறம் வச்சுக்கலாம்.