‘இல்லை’ என்று பதில் வந்த பிறகு

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

ஜெபத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், பதில் கிடைத்த ஜெபங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்காருவது சுலபம். எலியா ஜெபித்தார், மழை பெய்தது. அன்னாள் அழுதாள், சாமுவேல் பிறந்தான். சபையார் ஊக்கத்தோடே ஜெபித்தார்கள், சிறையில் பேதுருவின் கைகளிலிருந்து சங்கிலிகள் விழுந்தன. எல்லாம் வேதத்தில் உள்ளவை. அவற்றில் ஒன்றையும் நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர், கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போன ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு வந்திருப்பீர்கள். உங்களை வெளியே நிறுத்திவிட்டு ஜெபத்தைப் பற்றி என்ன பேசுவது? ஆகவே இன்று அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மோசேயை எடுத்துக்கொள்ளுங்கள். பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் ஜனங்களுக்காக நாற்பது நாள் இரவும் பகலும் கர்த்தரின் சமுகத்தில் விழுந்து கிடந்தவர். கர்த்தர் கேட்டார், ஜனம் பிழைத்தது. பிறருக்காக மன்றாடிப் பெற்ற அதே மனிதர் கடைசியில் தமக்கென்று ஒன்று கேட்கிறார்: யோர்தானைக் கடந்து அந்த நல்ல தேசத்தைப் பார்க்க உத்தரவு கொடும். கிடைத்த பதிலை உபாகமம் மூன்றாம் அதிகாரத்தில் படிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. “போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்.” நாற்பது வருஷம் வனாந்தரத்தில் உழைத்தவருக்கு இதுதான் பதில். மலையுச்சியில் ஏறிப் பார்க்கலாம். கால் வைக்க முடியாது.

அதற்குப் பிறகு மோசே என்ன செய்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நீ தேசத்தைப் பார்ப்பாய், பிறகு மரிப்பாய் என்று கர்த்தர் சொன்ன இடம் எண்ணாகமம் 27-ல் இருக்கிறது. அதைக் கேட்ட மோசேயின் வாயிலிருந்து அடுத்து வருவது மறுபடியும் ஒரு ஜெபம். இந்தச் சபை மேய்ப்பன் இல்லாத மந்தையைப்போல் ஆகிவிடாதபடி இவர்கள்மேல் ஒருவனை ஏற்படுத்தும் என்கிறார். தாம் காலெடுத்து வைக்க முடியாத தேசத்திற்குள் ஜனங்களை நடத்திக்கொண்டு போக ஒருவன் வேண்டும் என்று மன்றாடுகிறார். யோசுவா அந்த ஜெபத்திற்கு வந்த பதில்.

தாவீது குழந்தைக்காக உபவாசித்துத் தரையில் கிடந்தார். ஏழாம் நாளில் குழந்தை இறந்துபோயிற்று. அவரிடம் சொல்லவே ஊழியக்காரர் பயந்தார்கள். அவரோ எழுந்து, குளித்து, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்திற்குப் போய்ப் பணிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. பவுல் தம் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை; “என் கிருபை உனக்குப்போதும்” என்ற வார்த்தை வந்தது.

கடைசியாக கெத்செமனே. அங்கேயும் மூன்று முறை. இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மனம்விட்டுக் கேட்டவர் தேவகுமாரன். பாத்திரம் நீங்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வியாதியாய்க் கிடப்பவரின் கட்டிலருகே நின்று, “உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான் சுகம் வரவில்லை” என்று சொல்லுகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்லப் போன இடத்தில் குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லையா? கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்து கிடந்தவருக்கு? யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் பேசினார்கள். கர்த்தர் யார்மேல் கோபங்கொண்டார் என்று அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் போய்ப் பாருங்கள்.

அப்படியானால் “கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்” என்று ஆண்டவர் சொன்னது? நியாயமான கேள்வி. அதைச் சொன்னவரேதான் கெத்செமனேயிலும் ஜெபித்தார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கேட்கச் சொல்லுகிறவர் பிதாவிடம் கேட்கச் சொல்லுகிறார். பிள்ளை கேட்டதையெல்லாம் கேட்டபடியே கையில் வைத்துவிடுகிறவரைப் பிதா என்று நாம் சொல்லமாட்டோம்.

மோனிக்கா என்ற தாயின் கதையை அவருடைய மகனும், பிற்காலத்தில் சபையின் பெரிய போதகருமான அகுஸ்தீனே எழுதி வைத்திருக்கிறார். மகன் ரோமாபுரிக்குக் கப்பல் ஏறிவிடக் கூடாது என்று கார்த்தேஜ் கடற்கரையருகே இரவெல்லாம் அழுது ஜெபித்தார் அந்த அம்மா. மகனோ பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டார். அந்தப் பயணம் அவரை மிலானுக்குக் கொண்டுபோய் அங்கே பேராயராயிருந்த அம்புரோஸின் பிரசங்கத்துக்கு முன்னால் உட்கார வைத்தது. 387-ம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். அந்த இரவில் தாய் கேட்டதைத் தேவன் கொடுக்கவில்லை, மகனின் மனந்திரும்புதலுக்காக அந்தத் தாய் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காக, என்கிறார் அகுஸ்தீன். ஆனால் இதை எல்லாருடைய வாழ்க்கைக்கும் சூத்திரமாக்கிவிடாதீர்கள். மோனிக்காவுக்குச் சாகும் முன்னே விளங்கிற்று. சிலருக்கு இந்த உலகத்தில் விளங்குவதே இல்லை. அவர்களிடம் போய், “எல்லாம் நன்மைக்கே” என்று வேகமாகச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

சரி, தினந்தோறும் ஜெபிக்கும் பழக்கம் எதற்கு? தேவைகளைத் தெரியப்படுத்தவா? நாம் கேட்பதற்கு முன்னமே நமக்கு என்ன தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். என் புரிதலில், அந்தப் பழக்கம் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற பதில் வரும் நாளுக்காகவே நம்மில் வேர்விடுகிறது. ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாள் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்று சட்டம் வந்ததும் தானியேல் புதிதாக ஒரு விசேஷ ஜெபத்தை ஏற்பாடு செய்யவில்லை. பலகணிகள் திறந்திருக்க, எருசலேமை நோக்கி, தினம் மூன்று வேளை, முன் செய்துவந்தபடியே செய்தார். சிங்கக் கெபிக்கு முன்னால் கை கொடுத்தது பழைய வழக்கம்.

சிலுவையைப் பாருங்கள். தாங்க முடியாத அந்த வேளையில் ஆண்டவரின் வாயில் வந்தவை சங்கீதங்கள். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பது 22-ம் சங்கீதம். பிதாவின் கையில் ஆவியை ஒப்புவித்த வார்த்தை 31-ம் சங்கீதம். மனப்பாடமான ஜெபத்தில் உயிர் இல்லை, மனதிலிருந்து புதிதாய்ப் புறப்படுவதுதான் ஜெபம் என்று சிலர் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. நல்ல நாளில் சொந்த வார்த்தை தாராளமாக வரும். மருத்துவமனை வராந்தாவில் வராது. அங்கே கடன் வாங்கிய வார்த்தைதான் தாங்கும். பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும் வழக்கம் ஆதிச் சபையிலேயே இருந்தது. அந்த விசுவாசிகளுக்கு உபத்திரவம் என்றால் என்னவென்று தெரியும்.

செய்முறை பற்றி நீட்டப் போவதில்லை. உங்களால் கைவிடாமல் காக்கக்கூடிய நேரம் ஒன்று, சிறிதாயிருந்தாலும் சரி. நாளுக்கு ஒரு சங்கீதம், பிடித்ததை மட்டும் பொறுக்காமல் வரிசையாக. ‘நம் மனநிலைக்கு இது ஒத்துவரவில்லையே’ என்று தோன்றுகிற சங்கீதத்தையும் விடாதீர்கள். அந்த வார்த்தையில் அழுகிற யாரோ ஒருவருக்காக அன்றைக்கு நீங்கள் வாசிக்கிறீர்கள். புகழ்ச்சிப் பாட்டுகளை மட்டும் தெரிந்துவைத்திருக்கிற சபை, துக்க வீட்டில் வாயடைத்து நிற்கும். 88-ம் சங்கீதம் ஆரம்பம் முதல் கடைசிவரை இருட்டு. ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் ஜெபம் என்றே வேதம் வைத்திருக்கிறது. கோபமாயிருந்தால் கோபத்தோடே போங்கள். தேவனைப் பற்றி வெளியே முறுமுறுப்பதைவிட, அவர் முகத்துக்கு நேரே முறையிடுவது வேதத்தின் வழி.

கடைசியாக, ஜெபிக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு. நாலு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே அந்தத் திமிர்வாதக்காரன், அவன் ஒரு வார்த்தையும் பேசியதாக மாற்கு எழுதவில்லை. இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்றே எழுதியிருக்கிறது. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுலும் எழுதியிருக்கிறார். ஆகவே உங்களுக்கு வார்த்தை வராவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது 13-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திற்குள் நான்கு முறை “எதுவரைக்கும்” என்று கேட்கிறது. சேர்ந்து சத்தமாக வாசிப்போம். வாசிக்க முடியாதவர்கள் உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் உங்களுக்கும் சேர்த்து வாசிப்பார்கள்.