தனியார் எங்கே? ஒரு பெற்றோல் செட் கேள்வி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, எரிபொருள் விற்பனையை வெளியாருக்குத் திறந்துவிட்டோம் என்றார்கள். செட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒன்று ஐ.ஓ.சி., இன்னொன்று சினோபெக். ஒன்று இந்திய அரசாங்கம், மற்றது சீன அரசாங்கம். இதில் தனியார் எங்கே?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்!

எங்களுடையதும் அரச கம்பனிதான். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் மூன்றின் செட்டுகளையும் தாங்கிகளையும் எடுத்தோம். நட்டஈட்டுத் தகராறில் 1963இல் அமெரிக்கா உதவியையே நிறுத்தியது. சின்ன நாடு, பெரிய துணிச்சல்தான். ஆனால் பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: எண்ணெய்க் கிணறு யாருடைய கையில்?

சவூதிக்காரர் அவசரப்படவில்லை. அங்கே எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கக் கம்பனிகளின் அரம்கோவில் 1973இல் கால் பங்கு, அடுத்த வருடம் 60 வீதம், 1980இல் முழுவதும். அவர்கள் எடுத்தது கிணறு. நாங்கள் எடுத்தது பம்ப். மசகு எண்ணெய்க்கு அன்றும் டொலர் வேண்டும், இன்றும் வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் கப்பல் கடலில் நின்றதையும், நாங்கள் வரிசையில் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, சீனாவிடம் கிணறு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, போதவில்லை. 1993இலிருந்து அது விற்பதைவிட வாங்குவதுதான் அதிகம். அதனால் அதன் கம்பனிகள் வெளிநாட்டுக் கிணறுகளைத் தேடிக் கிளம்பின. சூடானைப் பாருங்கள். எண்ணெயைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் செவ்ரோன். யுத்தம் என்று அது வெளியேறியது. பிறகு அங்கே எண்ணெய் எடுத்த கூட்டில் சீன அரச கம்பனிக்கு 40 வீதம், மலேசிய அரச கம்பனி பெட்ரோனாசுக்கு 30. கனடாவின் டலிஸ்மன் மனித உரிமை அழுத்தம் தாங்காமல் 25 வீதத்தை விற்றது. 2003இல் அதை வாங்கியது யார்? இந்திய அரச கம்பனி ஓ.என்.ஜி.சி. விதேஷ். மிச்சம் 5 வீதம் சூடான் அரசுக்கு. கூட்டிக் கழித்துப் பாருங்கள், தனியாருக்கு ஒரு வீதம்கூட இல்லை.

ஆக தங்கச்சி, செட்டில் நீங்கள் பார்ப்பது அரச கம்பனிகள் எண்ணெய் தேடி வெளிநாடுகளுக்கு ஓடிய அந்த ஓட்டத்தின் வால்பகுதி.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்துக்குச் சொந்தமா இல்லையா என்பதைவிட, கம்பனியின் காசில் யார் கைவைக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். பெட்ரோனாஸ் 1974இல் பிறந்தது. மலேசிய அரசாங்கம் அதனிடம் காசு நிறையவே வாங்கியது, ஆனால் தொழில் தெரிந்தவர்களை விட்டுவைத்தது. வெனிசுவேலாவின் அரச எண்ணெய்க் கம்பனி பெடவேசாவில் 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், பொறியியலாளர்கள் உட்பட. அவ்வளவு பெரிய எண்ணெய் வளத்தின் மேல் உட்கார்ந்திருந்தும் உற்பத்தி பழைய நிலைக்கு வரவேயில்லை. கிணறு கையில் இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவர்கள் கொலம்பியாவிலும் கனடாவிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அம்பாந்தோட்டைச் சுத்திகரிப்பு நிலையம் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது தனிக் கதை, அடுத்த காணொளியில்.