பீர் தானே? டானிக் மூடியால் அளந்து பார்த்துவிடலாம்!

[மேசை மேல் காலியான 650 மில்லி பீர் பாட்டில், எவர்சில்வர் டம்ளர், இருமல் டானிக் மூடி]

"பீர் தானே மச்சி, ஒண்ணும் ஆகாது." பெசன்ட் நகர் கடற்கரையில் ப்ளஸ் டூ பசங்க பேசிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். அன்றிலிருந்து அந்தத் 'தானே' மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பீர், ஒயின், பிராந்தி எதுவானாலும் போதை தருவது எத்தனால் என்கிற ஆல்கஹால்தான். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. சரி, மேசைக்கு வாங்க.

[மூடியால் டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறார்]

ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். 650 மில்லிக்கு 52 மில்லி. இந்த மூடி 10 மில்லி பிடிக்கும். என்னோடு சேர்ந்து எண்ணுங்க: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அப்புறம் இன்னும் கொஞ்சம். டம்ளரில் இருப்பது அத்தனையும் சுத்த ஆல்கஹால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிராந்தி. அது 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் சுமார் 26 மில்லி. அப்படியானால் இரண்டு லார்ஜ்? அதே 52 மில்லிதான்! இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிராந்தி என்றால் பயந்து ஒதுங்குகிற பையன், பீர் என்ற பெயரில் இரண்டு லார்ஜைக் குடித்துவிட்டு நிற்கிறான்.

இந்த மூடியைக் கீழே வைக்காதீர்கள், இன்னொரு வேலை இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரித்து முடிப்பதும் ஏறக்குறைய ஒரு மூடிதான். இரவு 9 மணிக்குக் குடித்தது முழுக்க இறங்க விடிகாலை 2 மணி தாண்டிவிடும். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குத் தண்ணீர், ஃபில்டர் காபி எதுவும் அதை வேகப்படுத்தாது. காபி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். 45 கிலோ பையனுக்கு அதே பாட்டில், 80 கிலோ ஆளைவிட அதிகமாக ரத்தத்தில் ஏறும்.

முன்யோசனையும் தன்னடக்கமும் தருகிற மூளையின் முன்பகுதி 25 வயது வாக்கில்தான் முழுசாக வளர்ந்து முடிகிறது. 15 வயதுக்கு முன்னால் தொடங்குபவர்கள் பின்னாளில் அடிமையாகும் வாய்ப்பும் மிக அதிகம். கள்ளச்சாராயத்தில் சில நேரம் மெத்தனாலும் கலந்திருக்கும், அது வேறு விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

தம்பி, தங்கச்சி, இதை மட்டும் தள்ளிவிடாமல் பாருங்க. கூட இருப்பவன் எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக, விட்டு விட்டு வருகிறது என்றால் "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விடாதீர்கள். வயிற்றில் மிச்சம் இருப்பது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டில் தெரிந்துவிடுமே என்று தயங்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மல்லாக்கப் படுத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

[நண்பரைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்]

இப்படி. மேலே இருக்கும் கால் மடங்கி இருக்கட்டும், வாய் தரைப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.