மாணிக்கத்துக்குள் ஒரு தள்ளுமுள்ளு

நேயர்களுக்கு வணக்கம். மதுரை தெற்காவணி மூல வீதியில் எனக்குப் பழக்கமான கல் வியாபாரி ஒருவர் இருக்கிறார். மாணிக்கத்தை இடுக்கியில் பிடித்து விளக்குக்கு நேரே காட்டுவார். “கத்தரிப்பூ அடிக்குது சார்” என்று சில கற்களை ஓரமாகத் தள்ளிவிடுவார்.

மாணிக்கத்தின் சிவப்புக்குக் காரணம் அதில் துளியூண்டு கலந்திருக்கும் குரோமிய அயனி, அதாவது சில எலக்ட்ரான்களை இழந்த குரோமிய அணு. சுற்றியுள்ள ஆக்சிஜன்கள் நெருக்குவதால் அதன் எலக்ட்ரான்கள் இருக்கும் ‘டி’ என்ற ஐந்து ஆற்றல் மட்டங்கள் கீழே மூன்று, மேலே இரண்டு எனப் பிரிகின்றன. இதுதான் படிகப்புலப் பிளப்பு. நான் பேச வந்தது இதற்கு அடுத்த படி.

கல்லூரியில் படித்தபோது குரோம் படிகாரம் என்ற குரோமிய உப்பைத் தண்ணீரில் கரைத்து, எந்தெந்த ஒளியை அது விழுங்குகிறது என்று காட்டும் நிறமாலை எடுத்தேன். விழுங்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பட்டை. முதல் பட்டை 17,400-இல் வந்தது; ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்ற கணக்கு இது. பிளப்பின் அளவும் அதுவே. எளிய கணக்குப்படி அடுத்த பட்டை அதைப்போல் 1.8 மடங்கில், 31,300 வாக்கில் வர வேண்டும். வந்ததோ 24,500-இல்! கருவியில்தான் கோளாறு என்று மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். கருவி பாவம், சரியாகத்தான் இருந்தது.

குரோமியத்தின் மூன்று டி எலக்ட்ரான்களும் ஒரே திசைத் தற்சுழற்சியோடு சேர்ந்து நிற்பதில் எஃப், பி என்று இரண்டு ஆற்றல் நிலைக் குடும்பங்கள் உண்டு. படிகப்புலத்துக்குள் எஃப் மூன்றாக உடையும், பி உடையாது. எஃப் பெற்ற பிள்ளைகளில் ஒன்றுக்கும் பி-க்கும் ஒரே சமச்சீர். ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்று, 31,000. ஒரே சமச்சீர் உள்ள நிலைகள் ஒன்றோடொன்று கலந்து, ஒன்றையொன்று தள்ளும். ஒரே உறையில் இரண்டு கத்தி! இரண்டும் கலந்து, ஒன்று ஏறத்தாழ 7,000 கீழே இறங்குகிறது. மற்றது அதே அளவு ஏறிப் புறஊதாவில், 37,800 பக்கம் போய் நிற்கிறது. முதல் பட்டைக்கு இப்படி ஜோடி கிடையாது. அதனால்தான் அதிலிருந்து பிளப்பை அப்படியே படிக்க முடிகிறது. 1954-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் தானாபேயும் சுகானோவும் இந்த ஆற்றல் நிலைகளைக் கோடுகளாக வரைந்த படங்களில், ஒரே சமச்சீர் உள்ள கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் வளைந்து விலகிப் போகும்.

மாணிக்கத்திலும் இதே கதைதான். கீழே தள்ளப்பட்ட அந்த நிலைதான் ஊதா ஒளியை விழுங்குகிறது. கலப்பு இல்லாவிட்டால் அந்தப் பட்டை புறஊதாவுக்குப் போயிருக்கும், ஊதா தடையில்லாமல் வெளியே வந்திருக்கும். அப்புறம் நம் வியாபாரி கடையிலுள்ள மாணிக்கம் அத்தனையையும் ஓரமாகத் தள்ள வேண்டியதுதான்.